மார்ஷ் என்றால் ஏரி அல்ல

‘பள்ளிக்கரணை மார்ஷ் ரிசர்வ் ஃபாரஸ்ட்’. 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியபோது நம் சென்னைச் சதுப்பு நிலம் பெற்ற பெயர் இது. பெயரில் ஃபாரஸ்ட் இருக்கிறது, கண்ணுக்கு மரத்தைக் காணோம். அது சட்டத்தின் பாஷை. 2007-ல் இங்கே சுமார் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்ததால் வந்தது. அதை விட்டுவிடலாம். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் தடுக்கி விழுவது ‘மார்ஷ்’ என்ற சொல்லில்தான். கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ‘ஏரி’ என்பார்கள்.

ஏரி நாம் கட்டியது. அதற்குக் கரை உண்டு, பாசனத்துக்கு மதகு உண்டு, நிரம்பினால் வழியக் கலங்கல் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் லேக் என்றோ டேங்க் என்றோ சொல்லலாம். மார்ஷை யாரும் கட்டவில்லை. தாழ்வான நிலத்தில் மழைநீர் தானாகப் பரவி, ஆழமில்லாமல் தேங்கி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் விரியும். சித்திரையில் சுருங்கி, ஓரமெல்லாம் சேறு காய்ந்து வெடிக்கும். கரையே இல்லாததால் ‘இதுவரைக்கும்தான்’ என்று கோடு போடுவதும் கஷ்டம். நம் ஆட்கள் இதற்குக் கழுவெளி என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள்.

இன்னொரு அடையாளம் செடி. சம்பு, கோரை, நாணல் போலத் தண்டு மரமாகாதவை மண்டிக் கிடந்தால் மார்ஷ். மரங்கள் தண்ணீரில் நின்றால் ஸ்வாம்ப். பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டை மேங்க்ரோவ் ஸ்வாம்ப் என்று எழுதுவது அதனால்தான். போக் என்பது குளிர்நாட்டுச் சரக்கு: மழைநீரில் ஊறிய பாசி மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த நிலம், அயர்லாந்தில் நிறைய உண்டு. ஆங்கிலேயரே இந்த வேற்றுமையை எப்போதும் பார்ப்பதில்லை. பள்ளிக்கரணைக் கோரைக்குள் செந்நிற அலகோடு நடக்கும் நீலத் தாழைக்கோழி மார்ஷில் வாழ்கிற பறவை. அவர்கள் வைத்த பெயரோ ஸ்வாம்ப்ஹென்!

பேச்சில் வரும்போது இன்னொரு வேற்றுமை தெரியும். வேலை தலைக்கு மேல் போனால் ‘ஐ ஆம் ஸ்வாம்ப்ட் வித் வொர்க்’ என்பார்கள். விஷயம் நகராமல் இழுத்தால் ‘போக்ட் டவுன்’. மார்ஷ் இப்படி வினையாவதில்லை. ‘மார்ஷ்ட்’ என்று எழுதினால் சிவப்பு மை நிச்சயம். பெயரடை வேண்டுமானால் மார்ஷி: ‘மார்ஷி கிரவுண்ட்’ என்றால் கால் வைத்தால் சொதசொதவென்று உள்வாங்கும் தரை. மார்ஷ்மேலோ மிட்டாயின் பெயரும் இங்கிருந்து வந்ததுதான். சதுப்பில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து முதலில் செய்தார்கள். இப்போது சர்க்கரையும் ஜெலட்டினும்தான்.

மார்ஷோடு சேர்ந்து வரும் வினைச்சொற்களில்தான் கவனம் வேண்டும். ‘தி மார்ஷ் டிரெயின்ஸ் 250 ஸ்கொயர் கிலோமீட்டர்ஸ்’ என்று படித்தால், மார்ஷ் வற்றுகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுற்றியுள்ள சுமார் 250 சதுர கிலோமீட்டரின் மழைநீர் இதற்குள் வந்து வடிகிறது என்று பொருள். தாம்பரம் பக்கத்து ஏரிகள் முதல் வேளச்சேரி, நாராயணபுரம் வரை உபரி நீர் இறங்குமிடம் இதுதான். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கோவளம், கடல். அதே சொல்லைத் திருப்பி ‘டு டிரெயின் தி மார்ஷ்’ என்றால் மார்ஷையே வற்றடித்துக் காயவைப்பது. எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று பார்க்காமல் படித்தால் காப்பாற்றுவதும் அழிப்பதும் ஒன்றாகத் தெரியும்.

வெட்லேண்ட் என்பது இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். மார்ஷ் எல்லாம் வெட்லேண்ட். வெட்லேண்ட் எல்லாம் மார்ஷ் அல்ல. 1971-ல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் அந்தச் சொல்லுக்குள் நெல்வயலையும், தாழ்அலையின்போது 6 மீட்டருக்கு மேல் ஆழம் போகாத கடலையும்கூடச் சேர்க்கிறது. நம் நாட்டின் 2017-ம் ஆண்டு விதிகளோ நெல்வயலையும் பாசனத்துக்கென்று கட்டிய ஏரிகளையும் கழித்துவிட்டன. ஆகவே வெட்லேண்ட் என்று செய்தியில் வந்தால், யார் சொல்லும் வெட்லேண்ட் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் விதிகள் கழித்தது சரியில்லை. நம் ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் மார்ஷுக்குப் போகிறது, இரண்டையும் பிரித்து என்ன பயன்?

அந்த விதிகளிலேயே ‘ஸோன் ஆஃப் இன்ஃப்ளுயன்ஸ்’ என்றொரு தொடர் வருகிறது. அரசியல் செல்வாக்கு அல்ல. நீர்ப்பிடிப்புப் பகுதியில் எந்த இடத்தில் கட்டடமோ சாலையோ வந்தால் சதுப்பு நிலம் கெடுமோ, அந்த இடம். இந்தப் பக்கம் மனை பார்ப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தொடர்.

கடைசியாக ரீகிளெய்ம். சதுப்பை மண் கொட்டி மேடாக்கி வீட்டுமனை ஆக்குவதற்கு ஆங்கிலத்தில் இதுதான் சொல். ‘ரீகிளெய்ம்ட் லேண்ட்’ என்று மரியாதையாக எழுதுவார்கள். பெருங்குடி குப்பைமேட்டைக் கிளறிப் பிரித்து அடியிலுள்ள நிலத்தை மீட்பதற்கும் அதே சொல்தான். முன்னதில் தண்ணீரிடமிருந்து பிடுங்குகிறார்கள், பின்னதில் குப்பையிடமிருந்து. அதனால் ‘ஹெக்டேர்ஸ் ரீகிளெய்ம்ட்’ என்று தலைப்பைப் பார்த்ததும் மகிழ்ந்துவிடாமல், ‘ஃபிரம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தேடிப் படியுங்கள்.