குளிரை எண்ணும் பூண்டு

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மே மாதம் வீட்டுப் பின்வளவில் உள்ளி, அதாவது பூண்டு, நட்டாராம். தாள் பச்சைப்பசேலென்று வளர்ந்ததாம். ஆகஸ்டில் பிடுங்கிப் பார்த்தால் பல் பல்லாகப் பிரியாமல், சின்ன வெங்காயம்போல ஒற்றை உருண்டையாக இருந்திருக்கிறது. அக்டோபரில் நட்டிருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் சொல்லியிருக்கிறார். தக்காளிச் செடிகளைப் பிடுங்கி, பாகல் பந்தலைப் பிரித்து, கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைக்கிற நேரம் அது. தோட்டமே அடங்கப்போகும்போது ஒரு பயிரை ஏன் மண்ணில் இறக்க வேண்டும் என்று கேட்கிறார்.

பெரியவர் சொன்னது சரி. மண்ணிலோ உரத்திலோ குறையில்லை. அந்தப் பூண்டுக்குக் குளிர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நாம் உரிக்கும் ஒவ்வொரு பல்லும் இலையடியில் பிறக்கும் ஒரு பக்க மொட்டு, உணவு சேர்ந்து பருத்தது. இந்தப் பக்க மொட்டுகள் உருவாக வேண்டுமானால், நட்ட பல் சில வாரங்களாவது குளிரில் கிடந்திருக்க வேண்டும். 0 முதல் 10 டிகிரி வரையிலான குளிர் இதற்கு நன்றாக வேலை செய்கிறது. குளிர் முடிந்து, பகல் நீண்டு, வெயில் ஏறும்போது மொட்டுகள் பருக்கும். குளிரே படாத செடிக்குப் பக்க மொட்டு இருக்காது. பகல் நீளும்போது அது தன்னிடமுள்ள ஒரே மொட்டில் எல்லா உணவையும் கொட்டி, ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். அந்த உருண்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம். இந்த அக்டோபரில் அவற்றையே விதையாக நடலாம். அடுத்த ஜூலையில் பல் பிரிந்த முழுப்பூண்டு கிடைக்கும்.

இதே ஒற்றைப்பல் பூண்டுதான் நம் ஊர்க் கடைகளில் இதய நோய்க்கும் கொழுப்புக்கும் அருமருந்து என்ற பெயரில், சாதாரணப் பூண்டைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது. பல் சிறியதாக இருந்தாலும், காலம் தவறி நட்டாலும், குளிர் போதாவிட்டாலும் சாதாரணப் பூண்டுச் செடியே இப்படி உருண்டு நிற்கும். உரிக்க எளிது என்பதற்காக வாங்குங்கள். நோய் தீரும் என்று யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

பல் எப்படிப் பிரிகிறது என்பதைவிட என்னைப் பெரிதாக ஈர்ப்பது வேறொன்று. செடி குளிரை எப்படி எண்ணுகிறது? அக்டோபரில் ஓர் இரவு உறைபனி விழும், மறுவாரம் சட்டை போதும் என்கிற அளவுக்கு வெயில் அடிக்கும். ஜனவரியில்கூட இரண்டு நாள் பனி உருகி ஓடும். ஒரு நாள் குளிரைக் கண்டு ‘குளிர்காலம் முடிந்தது’ என்று முடிவெடுக்கும் செடி செத்துப்போகும். ஆகவே வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டே வர வேண்டும். கூட்டியதை, குளிர் போன பிறகும் மாதக்கணக்கில் நினைவில் வைத்திருக்கவும் வேண்டும். மூளை கிடையாது, நரம்பு கிடையாது. குளிரை உணர்ந்த செல்கள்கூடப் பிரிந்து பிரிந்து புதிய செல்களாகிவிடுகின்றன. இத்தனைக்கும் நடுவே அந்தக் கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

விடையைப் பூண்டில் தேடுவது கடினம். அதன் மரபணுத் தொகுதி மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு பெரியது. பெரும்பாலான ரகங்கள் விதையே வைப்பதில்லை, கலப்புச் செய்து ஆராயவும் வழியில்லை. அதனால் விஞ்ஞானிகள் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியை எடுத்துக்கொண்டார்கள். அதன் மரபணுத் தொகுதி பூண்டினுடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. குளிர் தேவைப்படும் ரகங்களில் எஃப்எல்சி என்றொரு மரபணு இருக்கிறது. அது வேலை செய்துகொண்டிருக்கும்வரை செடி பூக்காது. குளிர் நீள நீள எஃப்எல்சி அடங்குகிறது. நான்கு வாரக் குளிருக்குக் கொஞ்சம், எட்டு வாரக் குளிருக்கு இன்னும் அதிகம். குளிர் போன பிறகும் அது மீண்டும் எழுவதில்லை.

இங்கிலாந்தின் நார்விச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் கரோலைன் டீனும் மார்ட்டின் ஹோவர்டும் இந்த ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்பதன் பின்னால் போனார்கள். 2011இல் அவர்கள் குழு வெளியிட்ட முடிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. தனியொரு செல்லுக்குள் எஃப்எல்சி கொஞ்சம் கொஞ்சமாக அடங்குவதில்லை!

ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பை இரவில் தூரத்திலிருந்து பாருங்கள். மாலையில் கட்டடம் முழுக்க ஒளி, பத்து மணிக்குப் பாதி, நள்ளிரவில் மங்கல். யாரோ ஒரு திருகைத் திருப்பி ஒளியைக் குறைப்பதுபோலத் தோன்றும். உள்ளே போனால் எந்த வீட்டிலும் அப்படியொரு திருகு இல்லை, சுவிட்ச் மட்டும்தான். ஒரு வீட்டில் விளக்கு முழுதாக எரியும், அல்லது முழுதாக அணைந்திருக்கும். அணைந்த வீடுகள் கூடக் கூடக் கட்டடம் மங்குகிறது. செடியும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு, எஃப்எல்சிதான் விளக்கு. குளிர் நீளும்போது எந்த வீட்டு விளக்கும் மங்குவதில்லை, அணைந்த வீடுகளின் எண்ணிக்கைதான் கூடுகிறது. எந்தச் செல் இன்றைக்கு அணையும் என்பது ஏறக்குறையத் தற்செயல். ஆயிரக்கணக்கான தற்செயல்கள் சேர்ந்து, ஒரு குளிர்காலத்தின் நீளத்துக்கு நம்பத்தக்க கணக்காகிவிடுகின்றன.

இந்த வீடுகளுக்குள் இன்னும் கொஞ்சம் நடப்போம். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு விளக்கு, ஒன்று தாய்வழி வந்தது, மற்றது தந்தைவழி வந்தது. 2015இல் அதே குழு இரண்டு விளக்குகளுக்கும் இருவேறு நிறம் கொடுத்துப் பார்த்தது. ஒரே செல்லுக்குள் ஒன்று எரிய மற்றொன்று அணைந்திருந்தது, அந்த நிலை அப்படியே தொடரவும் செய்தது. இதற்கு ஆழ்ந்த பொருள் உண்டு. செல் முழுக்கப் பரவிய ஏதோ ஒரு ரசாயனம் நினைவைச் சுமந்தால் இரண்டு விளக்கும் ஒன்றாகத்தான் அணையும். நினைவு அந்தந்தச் சுவிட்சின் மேலேயே ஒட்டியிருக்கிறது. டிஎன்ஏ இழை சுற்றிக் கிடக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் மூன்று மெத்தில் குழுக்கள் சேர்ந்த ஒரு குறி, முத்திரைபோல இடப்படுகிறது. குளிரில் அது மரபணுவின் ஒரு சிறு பகுதியில்தான் விழும். வெப்பம் திரும்பியதும் மரபணு முழுக்கப் படரும். வீடு இரண்டாகப் பிரியும்போது, முத்திரை பட்ட ஹிஸ்டோன்கள் பாதிப் பாதியாக இரு வீட்டுக்கும் போகின்றன. போன இடத்தில், முத்திரை உள்ளவை முத்திரையிடும் புரதத்தை அழைத்து, பக்கத்தில் புதிதாக வந்தவற்றுக்கும் போடச் செய்கின்றன. இருட்டு வீட்டுப் பிள்ளைகளின் வீடும் இருட்டு. விதை என்ற புதுக் கட்டடம் எழும்பும்போது மட்டும் எல்லா முத்திரையும் உடைந்து, எல்லா விளக்கும் மறுபடி எரியும். தாய்ச்செடி கண்ட குளிர்காலம் பிள்ளையின் கணக்கில் சேராது. பிள்ளை தன் குளிரைத் தானே கடக்க வேண்டும்.

குளிரில் முத்திரை போடத் துணைநிற்கும் காவலாளியை வேலைக்கு அனுப்புவது யார்? குளிர் தொடங்கிய அன்றே அவர் வருவதில்லை. விஐஎன்3 என்ற அந்தப் புரதம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் சேர்கிறது. 2020இல் இதற்குக் கிடைத்த விளக்கம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். விஐஎன்3-ஐத் தூண்டுவது என்டிஎல்8 என்ற இன்னொரு புரதம். அது எளிதில் அழியாது, வெப்பமானாலும் குளிரானாலும் உருவாகிக்கொண்டே இருக்கும். வெப்பத்தில் செடி வேகமாக வளர்கிறது. தினம் புது மாடி எழும்புவதால், இருக்கிற என்டிஎல்8 ஆட்கள் புது வீடுகளுக்கெல்லாம் பங்காகி, வீட்டுக்கு ஒருவர்கூடத் தேறுவதில்லை. குளிரில் கட்டட வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், பங்கு போட வீடு கூடவில்லை, ஒவ்வொரு வீட்டிலும் ஆள் சேர்கிறது. இந்தக் கணக்குக்குத் தனி வெப்பமானியும் வேண்டாம், நாள்காட்டியும் வேண்டாம். தான் எவ்வளவு நாளாக வளராமல் இருக்கிறோம் என்பதை வைத்தும் செடி குளிரின் நீளத்தை அளக்கிறது. அக்டோபரில் ஏன் ஏமாறுவதில்லை என்பதும் இங்கேயே விளங்கும். நார்விச்சிலும் ஸ்வீடனிலும் திறந்தவெளியில் செய்த சோதனைகளில், பகல் வெப்பம் 15 டிகிரியைத் தாண்டும் நாட்கள் நிற்கும்வரை விஐஎன்3 தலைகாட்டவில்லை. இரவுக் குளிர் வந்தால் மட்டும் போதாது, பகல் வெப்பமும் போயாக வேண்டும்.

இதை வைத்துப் பூண்டிலும் எஃப்எல்சிதான் எல்லாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கோதுமையும் குளிரை எண்ணுகிறது, ஆனால் விஆர்என்1, விஆர்என்2 என்ற வேறு மரபணுக்களைக் கொண்டு. குளிரை எண்ணும் கலையைத் தாவரக் குலங்கள் தனித்தனியாகக் கற்றிருக்கின்றன. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மரபணுவின் எழுத்து மாறாமல் அதன் மேலுள்ள குறி மட்டும் மாறுவதை ஆராயும் இந்தத் துறையை, எண்ணத்தால் உங்கள் மரபணுவை மாற்றலாம் என்று புத்தகமும் வகுப்பும் நடத்தி விற்கிறார்கள். உறுதியாக நிறுவப்பட்ட உதாரணம் எப்படி இருக்கும் என்று மேலே பார்த்தீர்கள். ஒரு செடி, ஒரு மரபணு, பல வாரக் குளிர், அதுவும் அடுத்த தலைமுறையில் அழிந்துவிடுகிறது.

வரலாற்றை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன், அதில் மகிழ்ச்சி குறைவு. ஜெர்மானிய விஞ்ஞானி குஸ்தாவ் காஸ்னர் குளிர்காலத் தானியங்களுக்குக் குளிர் தேவை என்பதை 1918இலேயே முறையாகக் காட்டினார். அடுத்த பத்தாண்டில் சோவியத் ஒன்றியத்தில் டிராஃபிம் லைசென்கோ அதே செய்தியை எடுத்து, விதையை நனைத்துக் குளிரவைத்தால் விளைச்சல் பெருகும் என்றார், அந்த மாற்றம் சந்ததிக்கும் போகும் என்றார். ஸ்டாலினின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. எதிர்த்து நின்ற மாபெரும் தாவரவியலாளர் நிக்கோலாய் வாவிலோவ் 1940இல் கைதாகி, 1943இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். 1948இல் மரபியலே அந்த நாட்டில் தடைக்கு உள்ளானது. லைசென்கோ சந்ததிக்குப் போகும் என்றது எதுவோ, அதைத்தான் செடி விதைக்குள் துடைத்து அழிக்கிறது.

ஸ்கார்பரோத் தோட்டத்துக்குத் திரும்புவோம். அக்டோபர் நடுப்பகுதி நல்ல நேரம். மண் உறைவதற்கு மூன்று நான்கு வாரம் முன்னால் நட்டால் வேர் பிடித்துவிடும், தாள் வெளியே வந்து கருகாது. நடும் நாளன்று பல்லைப் பிரியுங்கள், தோலை உரிக்காதீர்கள். பெரிய பல்லை நடுங்கள், சிறியதைச் சமையலுக்கு வையுங்கள். கூர்முனை மேலே, ஐந்து செண்டிமீட்டர் ஆழம், பல்லுக்குப் பல் 15 செண்டிமீட்டர். நீர் தேங்கும் இடமானால் மேட்டுப்பாத்தி போடுங்கள். கடைப்பூண்டை விதைக்கு எடுக்காதீர்கள். தண்டு–குமிழ் நூற்புழு ஒன்டாரியோப் பூண்டுத் தோட்டங்களுக்குப் பெரும் தலைவலி, அது மண்ணுக்குள் வந்துவிட்டால் விரட்டுவது கடினம். உள்ளூரில் நன்றாக வரும் மியூசிக் போன்ற ரகத்தின் சுத்தமான விதைப்பூண்டை வாங்குங்கள்.

மேலே வைக்கோல் மூடாக்கு போட வேண்டும். மூடாக்கும் அதன்மேல் விழும் பனியும் மண்ணை ஒரே சீராக வைத்திருக்கும். இல்லாவிட்டால் மண் உறைந்தும் உருகியும் பல்லை வெளியே தள்ளிவிடும். வாரிக் குவித்த மேப்பிள் சருகையும் போடலாம், புல்வெட்டும் இயந்திரத்தை அதன்மேல் ஓட்டி நொறுக்கிவிட்டு. முழு இலையாகப் போட்டால் நனைந்து தட்டையாக ஒட்டிக்கொண்டு, வசந்தத்தில் முளையை மேலே வரவிடாது. ஜூன் மாதம் சுருண்டு எழும் பூந்தண்டை ஒடித்துவிடுங்கள், கிழங்கு பருக்கும். அந்தத் தண்டு வதக்கலுக்கு மிக ருசி. ஜூலையில் அடித்தாள்கள் காயும்போது பிடுங்கி, நிழலில் உலர்த்துங்கள்.

சென்னை வாசகர்களுக்கும் ஒன்று. பூண்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்து மாடித்தோட்டத்தில் நட்டால் கிலோக்கணக்கில் விளையும் என்று காணொளிகள் சுற்றுகின்றன. பெட்டியின் குளிரைப் பல் எண்ணும், அது உண்மை. ஆனால் மிகக் குளிரில் அதிக நாள் வைத்தால் பக்கமுளைகள் கிளம்பிக் கிழங்கு கோணலாகும். பெட்டியிலிருந்து வெளியே வந்தபின்னும் செடிக்கு இதமான பருவம் வேண்டும். சென்னையில் தை மாத இரவுகூடப் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. தமிழகத்தில் பூண்டு கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளைவதற்குக் காரணம் அந்த மலைக்குளிர்தான். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. சமவெளி மொட்டைமாடியில் பூண்டை நட்டு, ஒரு சாண் வளர்ந்ததும் தாளை மட்டும் அறுத்துத் துவையலுக்கும் முட்டைப் பொரியலுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் குளிர் வேண்டாம்.