டிரங்குப் பெட்டிக்குள் ஒரு குடும்பம்

உங்கள் வீட்டுப் பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறதல்லவா? அதன் அடியில், பழைய பட்டுப் புடவைக்கும் ஜாதகக் கட்டுக்கும் நடுவே, பழுப்பேறிய உறை ஒன்று கிடக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுங்கள். ஆனால் அவசரப்பட்டு எதையும் உரிக்காதீர்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நான் உரித்துத் தொலைத்தவன்.

எங்கள் பெட்டியில் முந்நூறு படங்களுக்கு மேல் இருந்தன. ஸ்டூடியோவின் வர்ணத் திரைக்கு முன் விறைத்து நின்ற தம்பதிகள், ஆக்பா கிளிக் காமிராவில் எடுத்த சின்னச் சதுரப் படங்கள், 1980-களின் கலர்ப் படங்கள். இந்தக் கடைசி ரகத்தில் எல்லார் முகத்திலும் செம்மண் பூசியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளித் துகள், அது தாங்கும். கலர்ப் படத்தில் இருப்பதோ வெறும் சாயம். பெட்டி இருட்டிலேயே அது மங்கிப் போகிறது.

தாத்தாவின் படம் மட்டும் சட்டத்துக்குள், கண்ணாடியோடு ஒட்டிக் கொண்டிருந்தது. மெதுவாக இழுத்தேன். பாதி முகம் காகிதத்தோடு வந்தது. மீதிப் பாதி கண்ணாடியிலேயே நின்று விட்டது! படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின் என்னும் பசை. மழைக்கால ஈரத்தில் இளகி, கண்ணாடியைப் பிடித்துக் கொண்டு காய்ந்து விடும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கானரில் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும்.

என் அத்தைக்கு வயது 84. அவளுடைய அப்பாவுக்கு இருந்தது அந்த ஒரே படம்தான். அவள் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கையிலிருந்து வாங்கி, ஒரு துண்டில் சுற்றித் தன் அலமாரியில் வைத்துக் கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்கப்புறம் ஒழுங்காகச் செய்தேன். கையை நன்றாகத் துடைத்துக் கொண்டு, படத்தை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். தூசியை மெல்லிய தூரிகையால் தள்ளலாமே தவிர, ஈரத் துணி ஆகவே ஆகாது. அங்குலத்துக்கு 600 புள்ளி என்று ஸ்கானரை வைத்துக் கொள்ளுங்கள். 2 அங்குலப் படத்தை அப்படி எடுத்தால், தெளிவு குறையாமல் 4 அங்குலமாக அச்சிடலாம். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே எடுங்கள். அந்தப் பழுப்பும் மங்கலும் கூடப் படத்தைச் சேர்ந்தவைதாமே! ஒட்டும் தாள் ஆல்பத்தில் படம் பிடித்துக் கொண்டால், பக்கத்தோடு அப்படியே எடுத்து விடுங்கள். ஸ்கானர் இல்லையா? ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் படத்தை வைத்து, கைபேசியை அதற்கு மேலே நேராகப் பிடித்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். அதுவும் போதும்.

பின்பக்கத்தை மறந்து விடாதீர்கள். பென்சிலில் எழுதிய ஒரு தேதியும் ஸ்டூடியோ முத்திரையும் பாதிக் கதையைச் சொல்லி விடும். எடுத்த பதிவுகளில் ஒரு பிரதி வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பங்களை வாரிக் கொடுத்த சென்னைக் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி இப்படிப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டு மனிதர்களின் பெயர் எந்த ஆராய்ச்சியாளருக்குத் தெரியும்?

எங்கள் வீட்டில் அது அத்தைக்கு மட்டுமே தெரியும். புரை விழுந்த கண்ணுக்கு அந்தச் சின்னப் படங்கள் எதுவும் தெரிந்ததில்லை. ஒருநாள் சாயங்காலம் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கல்யாணக் கூட்டத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பந்தக்கால் ஓரத்தில் ஒரு சிறுமி, இரட்டைப் பின்னல். அத்தை திரையைத் தொட்டாள்.

"இவள் என் அக்காடா. அம்மை போட்டுப் போய் விட்டாள். அப்புறம் அம்மா அவள் பேரை யாரையும் சொல்ல விட்டதில்லை."

பெயரைச் சொன்னாள். முப்பத்தைந்து வயது வரை நான் எங்கள் வீட்டில் கேட்டே இராத பெயர். அன்றைக்கே அந்தப் பதிவுக்கு அதை இட்டேன்.

தாத்தாவின் சமாசாரம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? காகிதப் பாதியையும் கண்ணாடிப் பாதியையும் தனித்தனியே ஸ்கான் செய்து கொடுத்தேன். காலேஜில் படிக்கும் என் அக்கா பெண் ஒரே இரவில் இரண்டையும் ஒட்டி விட்டாள். மீசைக்கு மேலே மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று நின்றது. அதையும் அழித்து விடட்டுமா என்று கேட்டாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். "வேண்டாம். இவன் கிழித்தது தெரிய வேண்டாமா? இருக்கட்டும்" என்றாள்.

இன்னும் நாற்பது படங்களுக்குப் பெயர் தெரிய வேண்டும். அத்தை தினம் நாலு மணிக்கே மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விடுகிறாள். எனக்குத்தான் ஆபீஸிலிருந்து வரத் தாமதமாகிறது.