நிலவு மறைந்த இரவு
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கிரேக்கச் சிந்தனை என்றதும் சாக்ரடீசின் நஞ்சுக் கோப்பைதான் நம் நினைவுக்கு வருகிறது. அவருக்கு முன்பே ஏதென்ஸ் நகரம் தண்டிக்க முனைந்த ஓர் அறிஞரையும், ஒரு சந்திர கிரகணத்தையும் பற்றி இங்கே எழுத விழைகிறேன்.

அவர் பெயர் அனக்சகோரஸ். சூரியன் தேவனல்லன், பழுக்கக் காய்ந்த கல் என்றார். சந்திரனுக்கு ஒளி சூரியனிடமிருந்து வருகிறது, பூமியின் நிழல் விழும்போது அது மறைகிறது என்றார். ஏதென்சை வழிநடத்திய பெரிக்ளீசே இவருடைய நண்பர். அப்படியிருந்தும் தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு, ஊரைவிட்டு வெளியேறி, லாம்ப்சகஸ் என்னும் ஊரில் உயிர் நீத்தார்.

கி.மு. 415இல் ஏதென்ஸ், சிசிலித் தீவிலுள்ள சிரக்கூஸ் நகரின் மீது படையெடுத்தது. வெற்றி கிட்டவில்லை. 413 ஆகஸ்டு 27 அன்று, எஞ்சிய படையோடு திரும்பிச் செல்லக் கப்பல்கள் ஆயத்தமாக நின்றன. அன்றிரவு முழுநிலவு இருண்டது! தளபதி நிக்கியாஸ் பக்திமான். மூவொன்பது இருபத்தேழு நாள் பொறுக்க வேண்டும் என்று குறிசொல்வோர் கூற, அவர் நகர மறுத்துவிட்டார். அவரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. வீரர்களில் பெரும்பாலோரும் காத்திருக்கவே வேண்டினர் என்று அக்கால வரலாற்றாசிரியர் தூசிடைடீஸ் எழுதுகிறார். (சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டுமே நிகழக்கூடும் போலும் என்று குறித்து வைத்தவரும் இவரே.) அந்த நாட்களுக்குள் எதிரிகள் துறைமுக வாயிலை அடைத்தனர். கடலில் தோற்ற படை நிலவழியே தப்ப முயன்று அழிந்தது. நிக்கியாசும் கொல்லப்பட்டார்.

அனக்சகோரசின் விளக்கம் அன்று ஒரு சிலரிடையே மட்டும் மறைவாக உலவி வந்தது என்று, சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த புளூட்டார்க் காரணம் கூறுகிறார். இவர் நாத்திகரல்லர், டெல்பி நகரின் அப்பல்லோ கோயில் பூசாரி! ஆக, அறிவு இருந்தது. கப்பல் வரை வந்து சேரவில்லை. இந்த இடம்தான் என்னை உறுத்துகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். கிரகணப் படத்தைத் தேர்வில் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வீட்டில் ஒருநாளும் அதை வரைந்து காட்டியதில்லை.

பிடிபட்டவர்கள் ஏழாயிரத்துக்குக் குறையாதவர்கள். கற்குவாரிகளில் அடைக்கப்பட்டு, வெயிலிலும் குளிரிலும் பலர் மாண்டனர். சிசிலி மக்களுக்கோ யூரிப்பிடீசின் நாடகங்கள் என்றால் உயிர். அவருடைய வரிகளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த சிலர் விடுதலை பெற்றார்களாம். ஊர் திரும்பி அந்தக் கவிஞரைக் கண்டு நன்றி கூறினார்களாம். இதைச் சொல்பவரும் புளூட்டார்க்தான்.