சேற்றில் இறங்கும் சைபீரிய விருந்தாளிகள்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் நாம் பார்ப்பது காகமும் மைனாவும்தான். கோல சிலாங்கூர் கடற்கரைக்குப் போனால், சைபீரியக் குளிருக்குத் தப்பி வந்த உள்ளான்களும் பவளக்காலிகளும் சேற்றில் இரை தேடுவதைக் காணலாம்.

1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில், ஜனவரிதோறும் தன்னார்வலர்கள் இத்தகைய பறவைகளை எண்ணுகிறார்கள். கடல் ஏறும் நேரமே இதற்குத் தோது. சேறு மூழ்கியதும், சிதறி நின்ற பறவைகள் மேடான இடத்தில் கூடும். பெரிய கூட்டமென்றால் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணுவார்கள்.

எண்ணி என்ன பயன்? சைபீரியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பறக்கும் தூரக்கிழக்குக் கோட்டான் வேகமாகக் குறைவதைக் காட்டிக்கொடுத்தவை பல்லாண்டுக் கணக்கெடுப்புகளே. 2015இல் அது உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.