கையேடும் ஒரு விற்பனையாளர்தான்

சட்டை வாங்கப் போனால் போட்டுப் பார்க்கலாம். மாம்பழம் என்றால் முகர்ந்து பார்க்கலாம். மென்பொருளை எப்படிச் சோதித்து வாங்குவது? அதிலும் சில மென்பொருள்களுக்குத் திரையில் பொத்தானோ படமோ கிடையாது. இன்னொரு மென்பொருளுக்குள் புகுந்து வேலை செய்வதுதான் அவற்றின் தொழில். இணையக் கடைக்குப் பணம் பெற்றுத் தருவது, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது எல்லாம் இந்த வகை. இவற்றைத் தேடி வருபவர் முதலில் திறந்து பார்ப்பது கையேட்டைத்தான்.

மாணவர்களே, கையேடு என்றதும் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும், யாரும் பிரித்துப் படிக்காத தாள் உங்கள் நினைவுக்கு வரலாம். நிரலர்களின் உலகில் நிலைமை வேறு. ஓர் உண்மை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம்.

அயர்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கோலிசன், ஜான் கோலிசன் என்ற சகோதரர்கள் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்ட்ரைப் நிறுவனம், 2011-இல் தன் சேவையை எல்லாருக்கும் திறந்துவிட்டது. இணையத்தளங்கள் கடன் அட்டைவழி பணம் பெற உதவுவதே அதன் வேலை. இந்தத் துறையில் அது முதல் நிறுவனம் அல்ல. பேபால் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. இருந்தும் நிரலர்கள் பலர் ஸ்ட்ரைப் பக்கம் திரும்பினார்கள். அதற்கு அதன் கையேடு ஒரு முக்கியக் காரணம்.

அந்தக் கையேட்டில் விளக்கத்துக்குப் பக்கத்திலேயே நிரல் வரிகள் இருக்கும். அவற்றை அப்படியே நகலெடுத்து ஓட்டிப் பார்க்கலாம். கணக்குத் திறந்தவருக்கு, அவருடைய சொந்தச் சோதனைச் சாவியே அந்த வரிகளுக்குள் பொருத்தப்பட்டிருக்கும். உண்மைப் பணம் ஒரு காசுகூட கைமாறாமல் சோதிக்க, ஒரு போலி அட்டை எண்ணையும் கையேடு தருகிறது: 4242 4242 4242 4242. வங்கி அட்டையை மறுத்தால் என்ன நடக்கும் என்று பார்க்க வேண்டுமா? அதற்கு 4000 0000 0000 0002 என்று இன்னோர் எண்.

இந்த 4242 ஏதோ மனம்போன போக்கில் எழுதிய எண் அல்ல. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் உருவாக்கிய ஒரு சோதனையில் அது தேறும். 1954-இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1960-இல் வழங்கப்பட்டது. சோதனை எளிது. எண்ணின் வலக்கோடியிலிருந்து தொடங்கி, இரண்டாவது, நான்காவது என்று ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிப்பாக்குங்கள். விடை 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழியுங்கள். பிறகு எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட்டால் எண்ணின் அமைப்பு சரி. நம் எண்ணில் எட்டு 4-கள் இரட்டிப்பாகி 64 ஆகின்றன. எட்டு 2-கள் 16. மொத்தம் 80. கடைசி இலக்கத்தை 3 என்று மாற்றிப் பாருங்கள், 81 வரும், சோதனை தோற்கும். அட்டை எண்ணில் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டியதும் இணையத்தளம் உடனே கண்டுபிடிப்பது இப்படித்தான். (அம்மாவின் அட்டையில் செய்து பார்க்க ஆசை வந்தால், அவரிடம் கேட்டுவிட்டு மனக்கணக்காகவே செய்யுங்கள். எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டாம்.)

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். பணம் கொடுப்பவர் முதலாளி. ஆனால், எந்த மென்பொருள் என்று அவருக்குப் பரிந்துரைப்பவர் பெரும்பாலும் நிரலர். அந்த நிரலர் விற்பனையாளர் யாரையும் சந்திக்காமல், ஒரு பிற்பகலுக்குள் சோதித்து முடித்துவிட்டால் பாதி விற்பனை அங்கேயே நடந்துவிட்டது. போட்டி மென்பொருள் இதைவிடத் திறமையானதாகவே இருக்கலாம். அதன் கையேடு குழப்பினால், அந்தத் திறமை அவர் கண்ணுக்குத் தெரியப்போவதே இல்லை. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது, ஆனாலும் நடப்பது இதுதான்.

இது புதிய உத்தியும் அல்ல. 1981-இல் ஐபிஎம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது, மின்சுற்று வரைபடங்களையும் கணினியை இயக்கத் தொடங்கும் பயாஸ் நிரலையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே விற்றது. அதைப் படித்த பிற நிறுவனங்கள் அந்தக் கணினிக்கான துணைக்கருவிகளையும் மென்பொருள்களையும் உருவாக்கின, கணினியும் நன்றாக விற்றது. ஆனால், அதே திறந்த போக்கு போட்டியாளருக்கும் உதவியது. காம்பேக் நிறுவனம் அந்த நிரலை நகலெடுக்காமல், அதே வேலையைச் செய்யும் புதிய நிரலை எழுதி, ஐபிஎம் கணினிக்கு ஒத்த கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

கையேடு எழுதுவது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையும் அல்ல. மென்பொருள் மாறினால் கையேடும் மாற வேண்டும். பைத்தான் மொழி படிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பழைய பைத்தான் 2-க்கு எழுதிய பாடத்தில் பிரிண்ட் கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இருக்காது. அதை இன்றைய பைத்தான் 3-இல் ஓட்டினால் பிழைச் செய்திதான் வரும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, பழைய பாடங்கள் மட்டும் இணையத்தில் இன்னும் உலவுகின்றன. பைத்தானின் அதிகாரபூர்வக் கையேட்டைத் திறந்தால் பக்கத்தின் மேற்பகுதியில் பதிப்பு எண் இருக்கும். உங்கள் கணினியில் உள்ள பதிப்பும் அதுவும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு நிரலை நகலெடுங்கள்.