ஒலிப்பதிவும் ஒலிமட்டமும்

இசை பிறந்த கணத்திலேயே மறையும் இயல்பினது. அதனைப் பற்றிவைத்துப் பின்னோர்க்கும் அளிக்கவல்லது ஒலிப்பதிவு. திருமணங்களிலும் விழாக்களிலும் பாடலோடு பாடலை இடையறாது இணைத்து இசைப்போரை இன்று ‘டீ.ஜே.’ என்கின்றோம். அத்தகைய இசைக்கோவையைப் பதிவுசெய்ய விழையும் மாணவர்க்குப் பயன்படுமாறு, ஒலிமட்டம் பற்றிச் சில கூறுவாம்.

இலக்கமுறைப் பதிவில் உச்சவரம்பு 0 டெசிபெல் ஆகும். அவ்வரம்பை மீறும் ஒலியலையின் முடி வெட்டுண்டு தட்டையாகிக் கரகரக்கும். பழைய காந்தநாடா மட்டம் மிகுந்தவிடத்துச் சிறிது சிறிதாகவே திரிபு காட்டிற்று. இலக்கமுறைப் பதிவோ அங்ஙனம் பொறுப்பதில்லை.

இரு பாடல்கள் கூடுமிடமே இடர் மிக்கது. சம வலியுடைய வேறுபட்ட இரு ஒலிகள் சேரின் மட்டம் ஏறத்தாழ 3 டெசிபெல் உயரும். ஒத்த அலைகள் ஒன்றன்மேலொன்று வீழின் 6 டெசிபெல் வரை உயரும். ஆகவே அவ்விணைப்பையே முன்னர் இசைத்துப் பார்த்து, உச்சம் வரம்புக்கு 6 டெசிபெல் கீழே நிற்குமாறு அமைத்தல் நன்று. இணைக்கும்போது ஒரு பாடலின் தாழ்ந்த ஒலியைக் குறைத்தலும் உதவும்.

மட்டத்தைத் தாழ்த்தின் இரைச்சல் மிகாதோ எனச் சிலர் ஐயுறுவர். 16 பிட் பதிவின் வீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல். 24 பிட் பதிவின் வீச்சு கோட்பாட்டளவில் 144 டெசிபெல். 6 டெசிபெல் விடுதல் ஒரு பிட்டை இழத்தலேயாம். தாழ்ந்த பதிவைப் பின்னர் உயர்த்தலாம். வெட்டுண்டதை முழுமையாக மீட்டல் இயலாது.

வரிசையும் அறியத்தக்கது. மிக்சரில் வெட்டுண்ட ஒலி, பதிவுக்கருவியில் எத்துணை தாழ்த்தினும் வெட்டுண்டதே. முதலில் மிக்சரின் சிவப்பு விளக்கு எரியாவண்ணம் காத்து, பின்னரே கருவியின் மட்டத்தைத் திருத்துக. மிக்சரின் வெளியீட்டைக் கருவியின் ‘லைன்’ உள்ளீட்டிற் பொருத்துக. ஒலிவாங்கிக்குரிய உள்ளீடு மெல்லிய மின்னலைக்கே ஏற்றது. தானியங்கி மட்டக் கட்டுப்பாட்டை நிறுத்துக. அது இசையின் ஏற்றவிறக்கத்தைச் சிதைக்கும். பழைய ஊசி அளவி ஏறத்தாழ 300 மில்லிசெக்கன் சராசரியையே காட்டும். தவிலின் திடீரடி அதனினும் விரைந்து கடந்துவிடும். ஆதலின் உச்சங்காட்டியை நோக்குக, செவியாலும் சோதிக்க.

டீ.ஜே. கோவை கெடின் மறுநாள் மீண்டும் இசைக்கலாம். ஆயின் எமது மாவட்டத்துத் திரியாயை எண்ணுக. 1985இல் அவ்வூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். அத்தகைய ஊர்களின் தாலாட்டையும் ஒப்பாரியையும் நினைவில் வைத்துள்ள முதியோர் ஒருமுறை பாடுவது மறுமுறை கிட்டாது போகலாம். விழாவிலே பழகிய கைகள் அக்குரல்களையும் பழுதின்றிப் பேணுமாயின், யாம் கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட்டதாகும்.