வழி தவறிய தாத்தாவும் பள்ளிப் பிள்ளைகளும்

மறதி நோய் வந்த முதியவர் ஒருவர் வீட்டை விட்டு இறங்கி, திரும்பும் வழி தெரியாமல் நடந்துகொண்டிருக்கும்போது, அவரை முதலில் காண்பது முன்பின் அறியாத யாரோ ஒருவராகவே இருக்கும். ஜப்பானில் அந்த யாரோ ஒருவர் பல நேரங்களில் பள்ளி மாணவர். அந்நாட்டின் உள்ளூர்ச் செய்தித்தாள்களில் காவல் நிலையத்தில் எடுத்த ஒரு வகைப் படம் அடிக்கடி வரும். சீருடை அணிந்த இரண்டு மூன்று பிள்ளைகள் பாராட்டுப் பத்திரத்தைப் பிடித்தபடி கூச்சத்தோடு நிற்பார்கள். குளிரில் மேலங்கி இல்லாமல் நின்ற பாட்டியையோ, வீட்டுச் செருப்போடு நெடுஞ்சாலை ஓரம் நடந்த தாத்தாவையோ கண்டு, பேச்சுக் கொடுத்து, காவலர் வரும்வரை கூடவே இருந்ததற்காகக் கொடுத்த பத்திரம் அது.

இந்தப் பிள்ளைகள் இயல்பிலேயே இரக்கம் மிகுந்தவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இரக்கம் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் உண்டு. அறியாத முதியவரின் அருகில் போய் முதல் சொல்லைச் சொல்லும் துணிவுதான் பலருக்கு வருவதில்லை. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, அவர் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற தயக்கம் காலைப் பிடித்து இழுக்கும். அந்தத் தயக்கத்தைப் பாடம் நடத்திப் போக்க முடியும் என்று நம்பி, இருபது ஆண்டுகளாக அதைச் செய்தும் வருகிறது ஜப்பான்.

அங்கே இதற்கான தேவை பெரிது. மக்களில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். 2022ஆம் ஆண்டுக் கணிப்பின்படி மறதி நோயோடு வாழும் முதியவர்கள் சுமார் 44 லட்சம் பேர். மறதி நோய் உள்ளவரைக் காணவில்லை என்று 2012இல் காவல்துறைக்கு வந்த புகார்கள் 9,607. 2023இல் அது 19,039 ஆனது. பெரும்பாலோர் அன்றோ அடுத்த சில நாள்களிலோ கிடைத்துவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பல நூறு பேர் உயிரோடு கிடைப்பதில்லை. அவர்களில் பெரும்பாலோர் வெகு தொலைவு போனவர்கள் அல்லர். பெரும்பாலோரின் உடல் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்தான் கிடைக்கிறது, பலரின் உடல் ஆற்றங்கரையிலோ வாய்க்காலிலோ. அந்த ஐந்து கிலோமீட்டரில் அவர்களை எத்தனையோ பேர் கடந்து போயிருப்பார்கள்.

அவர்கள் ஏன் நடக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். மறதி நோய்களில் பரவலானது அல்சைமர். இது மூளையில் புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைத் தொடக்கத்திலேயே தாக்குகிறது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். ஐம்பது ஆண்டுக்கு முன் வேலை பார்த்த இடம் நினைவில் நிற்கும். முதலில் நாளும் நேரமும் குழம்பும். பிறகு இடம் குழம்பும். கடைசியில் ஆட்கள் அடையாளம் தெரியாமல் போவார்கள். இந்த நிலையில் ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்புவது அவர் மனத்தில் காரணம் இல்லாத செயல் அன்று. ஓய்வு பெற்று முப்பது ஆண்டான ஒருவர் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று புறப்படுகிறார். ஒரு பாட்டி, பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிவரப் போகிறார். அந்தப் பிள்ளைக்கு இப்போது அறுபது வயது. பொழுது சாயும் நேரத்தில், இருக்கும் வீட்டிலேயே இருந்துகொண்டு 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று தவிப்பவர்கள் பலர். பிள்ளைகள் பள்ளி விட்டு நடந்து வரும் நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் அதிக இடைவெளி இல்லை. பெரியவர்கள் அலுவலகத்தில் இருக்கும் அந்தப் பொழுதில் தெருவில் இருப்பவர்கள் பிள்ளைகள்தாம்.

குடும்பத்தார் மட்டுமே இவர்களைக் காத்துவிட முடியுமா என்ற கேள்வியை ஜப்பான் முழுவதும் பேச வைத்த வழக்கு ஒன்று உண்டு. 2007 டிசம்பரில் ஐச்சி மாகாணத்தின் ஓபு நகரில் 91 வயது முதியவர் ஒருவர், துணையாக இருந்த 85 வயது மனைவி சற்றே கண்ணயர்ந்த நேரத்தில் வெளியே போய், ரயிலில் அடிபட்டு இறந்தார். ரயில் தாமதத்தால் ஏற்பட்ட இழப்பைக் குடும்பத்தார் ஈடு செய்ய வேண்டும் என்று ரயில்வே நிறுவனம் வழக்குப் போட்டது. 2013இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் சுமார் 72 லட்சம் யென் கட்டச் சொன்னது. மேல்முறையீட்டில் தொகை பாதியானது. 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம், குடும்பத்தார் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. எண்பத்தைந்து வயது மூதாட்டி கண் மூடிய சில நிமிடங்களின் சுமை, விபத்து நடந்து எட்டு ஆண்டுகள் கடந்த பிறகே அந்தக் குடும்பத்தை விட்டு இறங்கியது. முதியவரைப் பூட்டி வைப்பதா, ஊரே பார்த்துக்கொள்வதா என்று கேட்டவர்களுக்கு இந்த வழக்கு மறக்கக் கூடியதாக இல்லை. யமாத்தோ, கோபே போன்ற நகரங்கள் இத்தகைய விபத்துகளுக்கு நகராட்சியே காப்பீடு எடுக்கும் திட்டங்களைப் பின்னர் கொண்டுவந்தன.

இதற்கெல்லாம் முன்பே, 2004 இறுதியில், ஜப்பான் அரசு நோயின் பெயரையே மாற்றியிருந்தது. அதுவரை வழங்கிய 'சிஹோ' என்ற சொல்லை எழுதும் எழுத்துகள் மடமையையும் மந்தத்தையும் குறிப்பவை. அதற்குப் பதிலாக, அறிதல் தொடர்பான நோய் என்ற பொருளில் 'நின்சிஷோ' என்ற சொல் வந்தது. 'புத்தி பேதலித்துவிட்டது' என்ற பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைக்கும், 'அவருக்கு இன்ன நோய்' என்று கேட்டு வளரும் பிள்ளைக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

பெயர் மாறிய மறு ஆண்டு, 2005இல், 'மறதி நோய் ஆதரவாளர்' பயிற்சி தொடங்கியது. ஒன்றரை மணி நேர வகுப்பு. தேர்வு கிடையாது, கட்டணம் கிடையாது. வகுப்பில் இருந்தவர்களுக்கு ஆரஞ்சு நிறக் கைவளையம் ஒன்றைக் கொடுத்தார்கள். வங்கி ஊழியர், கடைப் பணியாளர், காவலர், பள்ளி மாணவர் என்று பலரும் இதில் உட்கார்ந்தார்கள். இதுவரை பயிற்சி பெற்றவர்கள் ஒரு கோடியே ஐம்பது லட்சத்தையும் தாண்டுவார்கள். அவர்களில் கணிசமானோர் பள்ளிப் பருவத்தில் பயிற்சி பெற்றவர்கள்.

இந்த வகுப்பின் சாரம் மூன்று 'வேண்டா'க்கள்: திடுக்கிட வைக்க வேண்டா, அவசரப்படுத்த வேண்டா, தன்மானத்தைப் புண்படுத்த வேண்டா. எளிமையாகத் தோன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் நோயிலிருந்தே காரணம் உண்டு. பின்னாலிருந்து கூப்பிட்டால் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் பிடிபடாது. அச்சம் வரும், திரும்பும் வேகத்தில் தடுமாறி விழவும் கூடும். ஆகவே முன்பக்கமாக, அவர் பார்வையில் படும்படி போக வேண்டும். நான்கு பேராகச் சூழ்ந்துகொள்ளாமல் ஒருவர் மட்டும் பேச வேண்டும். அதற்கும் முன்னால் சற்றுத் தள்ளி நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் நிற்பவர்கள் எல்லோரும் வழி தவறியவர்கள் அல்லர். குனிந்தோ உட்கார்ந்தோ கண் மட்டத்துக்கு வந்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பதில் வரும்வரை அடுத்த கேள்வி கூடாது; அவருக்குச் சொல் கிடைக்க நேரம் ஆகும், அதற்குள் இரண்டாவது கேள்வி விழுந்தால் முதலாவதும் நழுவிவிடும்.

தன்மானம் பற்றிய பாடம்தான் பிள்ளைகளுக்குக் கடினமானது என்று தோன்றுகிறது. 'நீங்கள் தொலைந்துபோய்விட்டீர்களா?' என்பது உண்மையான கேள்வி. ஆனால் ஒரு வாழ்நாள் முழுக்கப் பிறருக்கு வழி சொன்ன மனிதரைக் கூனிக் குறுக வைக்கும் கேள்வியும் அதுவே. 'வணக்கம், இன்றைக்குக் குளிர் அதிகம், இல்லையா?' என்று தொடங்கினால் அவர் பேச்சில் சேர்ந்துகொள்வார். அறியாத முதியவரைத் தமிழ்ப் பிள்ளைகள் தாத்தா, பாட்டி என்பதுபோல் ஜப்பானியப் பிள்ளைகளும் 'ஒஜீசான்', 'ஒபாசான்' என்று உறவு சொல்லியே கூப்பிடுகிறார்கள். கூப்பிடும் சொல்லில் உறவு இருந்தாலும், குழந்தையிடம் கொஞ்சுவதுபோல் பேசக் கூடாது என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். 'வேலைக்குப் போகிறேன்' என்று அவர் சொன்னால், 'உங்களுக்கு வேலையே கிடையாதே' என்று திருத்தவும் கூடாது. என்ன வேலை, எங்கே என்று கேட்டால் அவர் மகிழ்ந்து சொல்வார். அந்தப் பேச்சிலேயே ஊர்ப் பெயரோ தெருப் பெயரோ வந்து விழக்கூடும்.

இந்தப் பயிற்சி தொடங்கும் முன்பே வகுப்பறைப் பாடத்தைத் தெருவில் இறக்கிய ஊர் ஓமுட்டா. ஃபுக்குவோக்கா மாகாணத்தின் தென்கோடியில் அரியாகே கடலோரம் இருக்கிறது. மியிக்கே நிலக்கரிச் சுரங்கத்தால் வாழ்ந்த ஊர். 1960ஐ ஒட்டி இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 1997 மார்ச் மாதம் சுரங்கத்தை மூடினார்கள். இளையவர்கள் வேலை தேடி வெளியேற, 2020இல் மக்கள்தொகை ஒரு லட்சத்துப் பதினோராயிரம் அளவுக்கு இறங்கியது. மூன்றில் ஒருவருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். இந்த ஊருக்கு நினைவிழப்பு புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1963 நவம்பர் 9 அன்று சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 458 பேர் இறந்தார்கள். 800க்கும் மேற்பட்டோர் கார்பன் மோனாக்சைடு நச்சால் பாதிக்கப்பட்டார்கள். அந்த நச்சு மூளையைத் தாக்கும். கணவரின் நினைவும் குணமும் மாறிப்போன பிறகும் பல ஆண்டுகள் அவரோடு குடித்தனம் நடத்திய பெண்கள் அந்தத் தெருக்களில் இருந்தார்கள். பின்னால் வந்த முயற்சிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஓமுட்டாவின் கதையை அந்த நாளை விட்டுவிட்டுச் சொல்லவும் மனம் வரவில்லை.

2004இல் ஓமுட்டாவின் ஒரு பள்ளி வட்டாரத்தில் ஓர் ஒத்திகை நடந்தது. முதியவரைப்போல் வேடமிட்ட ஒருவர் தெருவில் இறங்கி நடப்பார். காணாமல் போனவரின் வயது, உயரம், உடை பற்றிய தகவல் ஊராருக்குப் போகும். மக்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் மட்டும் போதாது, பேச வேண்டும். தீயணைப்பு ஒத்திகைபோல் ஆண்டுதோறும் நடந்து, பின்னர் நகர் முழுவதும் பரவியது. பள்ளிப் பிள்ளைகளும் தேடுவோரில் இருந்தார்கள். அதற்கு முன்னோட்டமாகத் தொடக்கப்பள்ளியிலும் நடுநிலைப்பள்ளியிலும் படக்கதைப் புத்தகம் ஒன்றை வைத்து வகுப்பு நடத்தினார்கள். மறதி நோய் வந்தவரோடு வாழும் குடும்பத்தின் கதை அது. கதையைப் படித்துவிட்டு, 'நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்?' என்று பிள்ளைகள் சிறு குழுக்களாகப் பேசுவார்கள்.

ஒத்திகையால் தெரியவந்த ஒன்று எல்லா ஊருக்கும் பயன்படும். தகவல் கையில் இருந்தும், எதிரே வருபவர் அவர்தான் என்று ஐயம் வந்தும், பெரியவர்களே பேசாமல் கடந்து போவது உண்டு. அவர்களை நிறுத்தியது கல்நெஞ்சம் அன்று. 'வேறு யாராகவாவது இருந்துவிட்டால்?' என்ற கூச்சம். ஒருமுறை நாடகமாகவேனும் வாய் திறந்து பேசிவிட்டவர்களுக்கு அடுத்த முறை அந்தக் கூச்சம் குறைகிறது. ஓமுட்டாவைப் பார்த்து மற்ற ஊர்களும் இதே ஒத்திகையை நடத்தத் தொடங்கின.

'நிம்மதியாகத் திரியக்கூடிய ஊர்' என்பதுதான் ஓமுட்டா முதலில் வைத்த முழக்கம். திரிதல் என்பதற்கு அவர்கள் வழங்கிய 'ஹைக்காய்' என்ற சொல் நோக்கமில்லாமல் அலைவதைக் குறிக்கும். அந்த முதியவர்கள் நோக்கத்தோடுதான் நடக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்தச் சொல்லையே பயிற்சியின் பெயரில் வைத்திருப்பது பொருந்தவில்லை. 2015இல் பயிற்சியின் பெயரிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

இப்படிப் பேச்சுக் கொடுப்பதால் அந்த முதியவருக்கு என்ன மிஞ்சும்? வீடு சேர்ந்த பிறகு, உதவிய பிள்ளையின் முகம் அவருக்கு நினைவில் இராது. ஆனால் 2014இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டிப் பார்த்தபோது, காட்சிகளை மறந்த பிறகும் அவை எழுப்பிய உணர்வு அவர்களிடம் நீடித்தது. அதட்டலும் அப்படித்தான், அன்பான சொல்லும் அப்படித்தான். நடந்தது மறைந்தாலும் அதன் வெம்மையோ கசப்போ தங்கிவிடுகிறது. தெருவோரத்தில் பத்து நிமிடம் கிடைத்த மரியாதை, அன்று மாலை அவர் முகத்தில் காரணம் தெரியாத அமைதியாக இருக்கக்கூடும்.

பிள்ளைகளுக்கு எல்லை வகுத்துக்கொடுப்பதும் இன்றியமையாதது. முதியவரைத் தாங்களே வீடு வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை. அருகிலுள்ள கடைக்காரரிடமோ பெரியவரிடமோ சொல்லலாம். 110 என்ற எண்ணில் காவல்துறையை அழைக்கலாம். அதுவரை அவரைத் தனியே விடாமல் உட்கார வைத்து, பேச்சுத் துணையாக இருந்தால் போதும். அவர் நடந்தே தீருவேன் என்றால் கையைப் பிடித்து இழுக்காமல் கூடவே நடக்கலாம். கையில் எதுவும் இல்லாத ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையாலும் முடிந்த செயல் இது.

ஜிபிஎஸ் பொருத்திய காலணி, ஆடையில் ஒட்டும் க்யூஆர் குறியீடு என்று கருவிகளும் வந்துள்ளன. முதியவர் எங்கே இருக்கிறார் என்பதை அவை காட்டும். அருகில் போய் நிற்க ஆள்தான் வேண்டும். அந்த ஆள்களின் எண்ணிக்கையோ குறைந்துவருகிறது. 2023இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் சுமார் 7 லட்சத்து 27 ஆயிரம். இறந்தவர்கள் அதன் இரு மடங்குக்கும் மேல். மறதி நோய் உள்ள முதியவர்கள் 2040இல் 58 லட்சத்தைத் தாண்டுவார்கள் என்று கணித்திருக்கிறார்கள். 2023 ஜூனில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மறதி நோய் அடிப்படைச் சட்டம், இந்த நோயைப் பற்றிய புரிதலைப் பள்ளியிலும் சமூகத்திலும் வளர்ப்பதை அரசின் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஓமுட்டாவின் வகுப்பறைகளில் படக்கதைப் புத்தகத்தோடு நடத்தியது போன்ற பாடத்துக்கு இப்போது அந்த நாட்டுச் சட்டத்திலும் இடம் உண்டு.